400 ஏற்பிகளை வைத்துக்கொண்டு மூக்கு எப்படிச் சமாளிக்கிறது?

கேள்வி இது: மனித மூக்கில் வாசனை ஏற்பிகள் (மூலக்கூறைப் பிடித்துச் செல்லுக்குத் தகவல் தரும் புரதங்கள்) சுமார் 400 வகைதான் என்கிறார்கள். பூட்டும் சாவியும் மாதிரி ஒரு மூலக்கூறுக்கு ஓர் ஏற்பி என்றால் 400 வாசனையோடு கதை முடிந்திருக்க வேண்டுமே, எப்படி இத்தனை வாசனைகள்? கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: மூலக்கூறின் அதிர்வைத்தான் மூக்கு உணர்கிறது என்று சொல்கிறார்களே, உண்மையா? நாய், யானை, மீனுக்கெல்லாம் இதே ஏற்பாடுதானா?

பூட்டு–சாவி உவமைதான் இங்கே குழப்பத்துக்குக் காரணம். ஹார்மோன் ஏற்பிகளுக்கு அது ஓரளவு பொருந்தும். வாசனை ஏற்பிகளில் பெரும்பாலானவை அவ்வளவு கறாரானவை அல்ல. ஓர் ஏற்பி பல மூலக்கூறுகளுக்கு இடம் கொடுக்கும். ஒரு மூலக்கூறு பல ஏற்பிகளைத் தூண்டும். எந்த ஏற்பியும் தனியாக நின்று 'இது மல்லிகை' என்று மூளைக்குச் சொல்வதில்லை. எந்தெந்த ஏற்பிகள், எந்த அளவுக்குத் தூண்டப்பட்டன என்ற சேர்க்கைதான் வாசனை. 400 ஏற்பிகளில் சிலவற்றைச் சேர்த்துச் சேர்த்து எத்தனை கூட்டணி அமைக்கலாம் என்று கணக்குப் போட்டால் எண் எங்கேயோ போய்விடும். மனிதரால் ஒரு லட்சம் கோடி வாசனைகளைப் பிரித்தறிய முடியும் என்று 2014-ல் வந்த கணக்கை நம்பி மேற்கோள் காட்ட வேண்டாம். அதில் பயன்படுத்திய அனுமானங்களைச் சற்று மாற்றினாலே விடை தலைகீழாகிறது என்று மறு ஆண்டே காட்டிவிட்டார்கள். அதற்கு முன்பு புழங்கிவந்த 10,000 என்ற எண்ணுக்கும் உருப்படியான அடிப்படை கிடையாது.

இனி விவரமாக, மூலக்கூறு போகும் வழியிலேயே போவோம்.

ஒரு பொருள் மணக்க வேண்டுமானால் முதலில் அது காற்றில் ஏற வேண்டும். அதனால் வாசனை மூலக்கூறுகளின் எடை பெரும்பாலும் 300 டால்டனுக்குள்தான் இருக்கும் (ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறக்குறைய ஒரு டால்டன்). உப்பும் சர்க்கரையும் மணக்காததற்குக் காரணம் அவை அறை வெப்பநிலையில் ஆவியாவதில்லை என்பதுதான். மனித மூக்கில் வாசனையை உணரும் படலம் நாசிக் குழியின் கூரையில், சில சதுர சென்டிமீட்டர் பரப்பில் இருக்கிறது. சாதாரணமாக மூச்சு விடும்போது உள்ளே போகும் காற்றில் சிறு பங்குதான் அங்கே எட்டும். ஒரு பூவைக் கையில் எடுத்ததும் நாம் 'ஸ்ஸ்' என்று இழுத்து முகர்வது காற்றை அந்த மேல்தளத்துக்கு ஏற்றத்தான். சாப்பிடும்போது தொண்டையின் பின்புறம் வழியாகவும் ஆவி அங்கே ஏறுகிறது. சளி பிடித்தால் ரசம் சப்பென்று போவது அந்தப் பாதை அடைபடுவதால். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது.

படலத்தின் மேல் சளி ஓர் அடுக்காக இருக்கும். மூலக்கூறு அதில் கரைந்துதான் ஏற்பியை அடைய முடியும். இந்தச் சளியைப் பலர் வெறும் ஈரப்பூச்சாக நினைத்துவிடுகிறார்கள். அதில் சைட்டோக்ரோம் பி450, எஸ்டரேஸ் போன்ற நொதிகள் நிறைய உண்டு. ஆல்டிஹைடுகளை அமிலமாகவும் ஆல்கஹாலாகவும், எஸ்டர்களைப் பிளந்து அமிலமாகவும் நொடிக்கணக்கில் மாற்றிவிடும். எலிகளில் இந்த நொதிகளைத் தடுத்துப் பார்த்தபோது அதே பொருளுக்கு மூளையில் தோன்றிய செயல்பாட்டு வடிவமே மாறியது. ஆக, பாட்டிலில் இருக்கும் மூலக்கூறும் ஏற்பியைத் தொடும் மூலக்கூறும் எப்போதும் ஒன்றல்ல. ஆய்வுக்கூடக் கண்ணாடித் தட்டில் கிடைத்த முடிவு உயிருள்ள மூக்கோடு ஒத்துப்போகாமல் உதைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சளிக்குள் மிதப்பவை நுகர்ச்சி நரம்புச் செல்களின் குறுஇழைகள், அதாவது சிலியா. ஒவ்வொரு செல்லின் நுனியிலும் பத்து முதல் முப்பது வரை இருக்கும். ஏற்பிகள், அவற்றுக்கு அடுத்த கட்டப் புரதங்கள், அயனிக் கால்வாய்கள் எல்லாம் இந்த இழைகளின் சவ்வில்தான் குவிந்திருக்கின்றன. இழைகள் சரியாக உருவாகாத பார்டெட்–பீடல் போன்ற மரபுநோய்களில் வாசனை உணர்வு குறைவதற்கு இதுவே காரணம். செல்லின் மறுமுனை மெல்லிய நாராக நீண்டு, மண்டையோட்டின் சல்லடை எலும்பில் உள்ள துளைகள் வழியாக மூளையின் நுகர்ச்சிக் குமிழுக்குள் போகிறது. நடுவே வேறு இணைப்பே கிடையாது.

ஏற்பிகள் என்ன என்பது 1991 வரை தெரியாது. ஆனால் அவை எந்த இனமாக இருக்கும் என்பதற்குத் தடயம் இருந்தது. 1985-ல் தவளையின் குறுஇழைகளில் வாசனைப் பொருள் பட்டதும் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் உற்பத்தி கூடுவதைக் கண்டிருந்தார்கள். அப்படியானால் இடையில் ஒரு ஜி புரதம், அதாவது ஏற்பியின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் புரதம், இருக்க வேண்டும். ஏற்பி, சவ்வை ஏழு முறை ஊடுருவும் குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் இதோடு இன்னும் இரண்டு ஊகங்களைச் சேர்த்துக்கொண்டார்கள்: ஏற்பிகள் ஒன்றுக்கொன்று உறவுள்ள பெரிய குடும்பமாக இருக்கும், அவை நுகர்ச்சிப் படலத்தில் மட்டும் வெளிப்படும்.

அவர்கள் கையாண்ட உத்தி அழகானது. ஏழு முறை ஊடுருவும் புரதங்களுக்குப் பொதுவான வரிசைகளை வைத்துத் தளர்வான பிரைமர்களை (டிஎன்ஏ நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு துண்டுகளை) வடிவமைத்து, எலியின் நுகர்ச்சிப் படலத்திலிருந்து எடுத்த ஆர்என்ஏ-யை டிஎன்ஏ-வாக மாற்றிப் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கினார்கள். கிடைத்த பட்டைகளில் எது உண்மையான குடும்பம்? ஒவ்வொரு பட்டையையும், டிஎன்ஏ-வைக் குறிப்பிட்ட இடங்களில் துண்டாக்கும் வெட்டு நொதி போட்டு வெட்டினார்கள். ஒரு பட்டையில் ஒரே மரபணு இருந்தால் துண்டுகளின் நீளத்தைக் கூட்டினால் பழைய நீளமே வர வேண்டும். ஒரேயொரு பட்டையில் மட்டும் கூட்டுத்தொகை பல மடங்கு எகிறியது. ஒரே நீளத்தில், வெவ்வேறு வரிசைகள் கொண்ட பல மரபணுக்கள் அதற்குள் ஒளிந்திருந்தன. அதிலிருந்து 18 மரபணுக்களை வெளியிட்டார்கள். 2004-ல் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் கிடைத்தது.

இந்த மரபணுக்கள் சிறியவை. புரதம் சுமார் 310 அமினோ அமிலம் நீளம்; குறியீட்டுப் பகுதியில் இன்ட்ரான் (புரதத்துக்குப் பயன்படாத இடைச்செருகல்) கிடையாது. அதனால் ரத்தத்திலிருந்து எடுத்த டிஎன்ஏ-யிலிருந்தே நேரடியாகப் பெருக்கிவிடலாம். மூக்குத் திசு வேண்டியதில்லை. மனிதரில் 20-ஆம் குரோமோசோமையும் ஒய் குரோமோசோமையும் தவிர எல்லாவற்றிலும் சிதறிக் கிடக்கின்றன. 11-ஆம் குரோமோசோமில் மட்டும் பெருங்கூட்டம். நம்மிடம் வேலை செய்யும் 400-க்கு இணையாகச் செத்துப்போன போலி மரபணுக்களும் கிடக்கின்றன.

ஏற்பியின் உள்ளே மூலக்கூறு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை நேரில் பார்க்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மனிதரின் ஓஆர்51ஈ2 என்ற ஏற்பி, புரோப்பியோனேட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் நிலையில் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமாக்கப்பட்டது. இந்த ஏற்பியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இது மூக்குக்கு வெளியே புராஸ்டேட் போன்ற திசுக்களிலும் வெளிப்படுகிறது. ஆய்வுக்கூடச் செல்களில் ஓரளவு நல்ல அளவில் உற்பத்தியாகிறது. படத்தில் தெரிந்தது இது: புரோப்பியோனேட்டின் எதிர்மின் அமில முனையை ஆறாவது சுருளில் உள்ள 262-ஆம் ஆர்ஜினின் பிடித்துக்கொள்கிறது, கார்பன் வால் கொழுப்பு விரும்பும் சிறு குழிக்குள் அடங்குகிறது. குழி முழுக்க மூடியது, வெளியே திறப்பே இல்லை. கொள்ளளவு சுமார் 31 கன ஆங்ஸ்ட்ரம்தான். இரண்டு கார்பன் அசிட்டேட்டும் மூன்று கார்பன் புரோப்பியோனேட்டும் அதில் சேரும், நீண்ட கொழுப்பு அமிலங்கள் சேராது. குழியின் சுவரில் இருக்கும் 155-ஆம் ஃபினைல்அலனைனையோ 158-ஆம் லூசினையோ சிறிய அலனைனாக மாற்றினால் குழி விரிகிறது. உடனே நீண்ட அமிலங்களுக்கும் ஏற்பி பதில் தருகிறது. ஒரேயோர் அமினோ அமில மாற்றத்தில் ஏற்பியின் ருசியே மாறுகிறது. பரிணாமம் இந்தக் குடும்பத்தை இவ்வளவு சுலபமாகப் பெருக்கிப் பரப்பியது எப்படி என்பது இதில் புரியும்.

ஆனால் இது முதல் வகுப்பைச் சேர்ந்த ஏற்பி. நீரில் கரையும் அமிலங்களோடு பழகிய பழைய கிளை. நம் ஏற்பிகளில் பெரும்பான்மை இரண்டாம் வகுப்பு. அவற்றின் குழிகள் பெரும்பாலும் கொழுப்பு விரும்பும் தன்மையுடையவை, பிடி தளர்வானது. மூலக்கூறுகள் ஒரே நிலையில் அடங்கி உட்கார்வதும் இல்லை. எனவே ஓஆர்51ஈ2-வின் படத்தை வைத்து எல்லா ஏற்பிகளையும் எடைபோடக் கூடாது.

மூலக்கூறு உட்கார்ந்ததும் ஏற்பியின் உள்பக்கம் சற்றே விரிகிறது. ஜி-ஆல்ஃப் என்ற ஜி புரதம் அங்கே வந்து ஒட்டி குவனோசின் டைபாஸ்பேட்டை விட்டுவிட்டு, ஒரு பாஸ்பேட் கூடிய குவனோசின் டிரைபாஸ்பேட்டை ஏற்கிறது. அது அடினைலில் சைக்ளேஸ் 3 நொதியைத் தூண்டுகிறது. நொதி ஏடிபி-யைச் சைக்ளிக் ஏஎம்பி ஆக்குகிறது. சைக்ளிக் ஏஎம்பி, சிஎன்ஜி என்ற கால்வாயைத் திறக்கிறது (பெட்ரோல் பங்க் சிஎன்ஜி இல்லை). நான்கு துணை அலகுகள் கொண்ட இந்தக் கால்வாய் வழியாகச் சோடியமும், முக்கியமாகக் கால்சியமும் உள்ளே பாய்கின்றன.

இங்கேதான் ஒரு விசித்திரம். மூளையின் பெரும்பாலான நரம்புச் செல்களில் குளோரைடுக் கால்வாய் திறந்தால் செல் அடங்கும். நுகர்ச்சிச் செல் வேண்டுமென்றே குளோரைடை உள்ளே சேமித்து வைக்கிறது. என்கேசிசி1 என்ற கடத்திப் புரதம் அதை உள்ளே ஏற்றி, சளியில் இருப்பதற்கு இணையாக, சுமார் 50 மில்லிமோலார் அளவில் வைத்திருக்கிறது. உள்ளே வந்த கால்சியம், அனோக்டமின் 2 என்ற குளோரைடுக் கால்வாயைத் திறக்கிறது. எதிர்மின் குளோரைடு வெளியே ஓடுகிறது. விளைவு, செல் இன்னும் தூண்டப்படுகிறது. எலிகளில் அளந்த மொத்த மின்னோட்டத்தில் பெரும்பங்கு இந்தக் குளோரைடுதான். சளியின் உப்பளவு ஏறி இறங்கினாலும் சமிக்ஞை ஒரேயடியாகப் படுத்துவிடாமல் இருக்க இது உதவும் என்பது விளக்கம். இதற்கு மறுபக்கமும் உண்டு: 2011-ல் அனோக்டமின் 2 மரபணுவை நீக்கிய எலிகள் வாசனைச் சோதனைகளில் ஏறக்குறைய இயல்பாகவே தேறின. பெருக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் மூக்கு செத்துவிடாது. ஆனால் சிஎன்ஜி-யின் முக்கிய அலகை நீக்கிய எலிக்குட்டிகளில் பெரும்பாலானவை பிறந்த சில நாளில் இறந்தன. தாயின் முலைக்காம்பைக் கண்டுபிடிக்கவே குட்டிக்கு வாசனை வேண்டும்.

பாடப்புத்தகங்களில் ஒரு பிழையான எண்ணம் பரவியிருக்கிறது: ஒரு மூலக்கூறு ஓர் ஏற்பியைத் தொட்டதும் ஆயிரக்கணக்கான ஜி புரதங்கள் கிளம்பும் என்று. விழித்திரையில் ஒரு ஒளித்துகள் விழும்போது நடப்பதை அப்படியே மூக்குக்கும் எழுதிவிட்டார்கள். தவளைச் செல்களில் 2005-ல் அளந்தபோது மூலக்கூறு ஏற்பியில் தங்கும் நேரம் ஒரு மில்லி நொடி அளவே என்று தெரிந்தது. பெரும்பாலான சந்திப்புகளில் ஒரு ஜி புரதம்கூடக் கிளம்புவதில்லை. பெருக்கம் எல்லாம் அதற்குப் பிந்திய படிகளில்தான். ஆக, தனி ஏற்பி என்பது மந்தமான, நம்பகமில்லாத கருவி. நூற்றுக்கணக்கான வகைகளையும் ஒவ்வொரு வகைக்கும் ஆயிரக்கணக்கான செல்களையும் சேர்த்துக் கேட்பதால்தான் மூக்குக்கு இந்தக் கூர்மை வருகிறது.

தூண்டிய கால்சியமே அணைக்கவும் செய்கிறது. கால்மாடுலின் என்ற புரதத்தோடு சேர்ந்து சிஎன்ஜி கால்வாயின் பிடியைத் தளர்த்துகிறது, நொதியையும் மட்டுப்படுத்துகிறது, பிறகு அயனி மாற்றிகள் அதை வெளியே தள்ளுகின்றன. சமையலறையில் எரிவாயு கசியும்போது சில நிமிடம் அங்கேயே நின்றவருக்கு வாடை குறைந்ததுபோலத் தோன்றுவதில் இந்தப் பழக்கப்படலுக்கும் அதற்கு மேல் மூளையில் நடப்பதற்கும் பங்கு உண்டு. வாடை போய்விட்டது என்று நினைத்து அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. வெளியிலிருந்து வருபவரின் மூக்கை நம்புங்கள்.

எரிவாயுவைச் சொன்னதால் ஒரு விவரம். சிலிண்டரில் கசிவு தெரிவதற்காகச் சேர்க்கும் எத்தில் மெர்காப்டன் போன்ற சிறு கந்தகச் சேர்மங்களுக்கு ஓஆர்2டி11 என்ற மனித ஏற்பி பதில் தருகிறது. செம்பு அயனி உடனிருந்தால் பதில் பலமடங்கு கூடுகிறது. கந்தகம் செம்போடு பிணைந்துகொண்டு ஏற்பியில் உட்காருகிறது. மிக மிகக் குறைந்த அளவிலேயே இந்த வாடை நம்மை எட்டுவதற்கு இது ஒரு காரணம்.

இனி சேர்க்கைக் குறியீடு. 1998-ல் எலியின் ஐ7 என்ற ஏற்பியை வைரஸ் மூலம் மூக்குச் செல்களில் அதிகமாக வெளிப்படுத்திப் பார்த்தபோது அது ஆக்டனலுக்கு, அதாவது எட்டுக் கார்பன் ஆல்டிஹைடுக்கு நன்றாகவும், ஏழு முதல் பத்துக் கார்பன் ஆல்டிஹைடுகளுக்கு ஏறக்குறையவும் பதில் தந்தது. அடுத்த ஆண்டு பக்கின் குழு தனித்தனி எலிச் செல்களில் கால்சியம் ஒளிர்வைப் பார்த்து, பதில் தந்த செல்லையே உறிஞ்சி எடுத்து அதிலிருந்த ஏற்பியைப் பிசிஆரில் அடையாளம் கண்டது. எட்டுக் கார்பன் ஆல்கஹாலும் எட்டுக் கார்பன் அமிலமும் வால் ஒன்றே, தலை மட்டும் வேறு. முன்னது ஆரஞ்சும் ரோஜாவும் கலந்த மணம், பின்னது ஊசிப்போன வியர்வை வாடை. இரண்டும் தூண்டிய ஏற்பிக் கூட்டங்கள் ஓரளவு பொதுவானவை, ஆனால் ஒன்றல்ல.

அடர்த்தி கூடினால் கூடுதல் ஏற்பிகள் சேர்ந்துகொள்ளும். வாசனையின் குணமே மாறிவிடும். மல்லிகையில் உள்ள இண்டோல் துளியளவில் பூ மணம். அதையே தனியாகக் குப்பியில் திறந்து முகர்ந்தால் மலவாடை. கலவையில் இன்னொரு சிக்கல்: ஒரு மூலக்கூறு ஒரு ஏற்பியைத் தூண்டும்போதே வேறோர் ஏற்பியை அடைத்துக்கொண்டு நிற்கலாம். கிராம்பின் யூஜினாலுக்குப் பதில் தரும் எலி ஏற்பியை மெத்தில் ஐசோயூஜினால் என்ற நெருங்கிய உறவுக்காரப் பொருள் தடுக்கிறது. அதனால் இரண்டு வாசனைகளின் கலவை அவற்றின் கூட்டல் அல்ல. வாசனைத் திரவியம் கலப்பவர்கள் அனுபவத்தில் அறிந்திருந்ததற்கு ஏற்பி மட்டத்திலேயே விளக்கம் கிடைத்துவிட்டது.

இந்தக் குறியீடு வேலை செய்ய ஒரு நிபந்தனை கட்டாயம்: ஒரு செல்லில் ஒரே வகை ஏற்பிதான் இருக்க வேண்டும். எலியில் சுமார் 1,100 மரபணுக்கள், ஒவ்வொன்றுக்கும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. இத்தனையில் ஒரு செல் ஒரேயொரு மரபணுவின் ஒரே பிரதியை மட்டும் இயக்குகிறது. முதலில் எல்லா ஏற்பி மரபணுக்களும் இறுக்கமாகச் சுற்றப்பட்ட குரோமாட்டினுக்குள் (டிஎன்ஏ-வும் புரதமும் சேர்ந்த சுருளுக்குள்) பூட்டப்படுகின்றன. பிறகு வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்கும், 'கிரேக்கத் தீவுகள்' என்று செல்லப்பெயர் வைத்த சுமார் 60 ஊக்கிப் பகுதிகள் ஒன்றுகூடி, ஒரு மரபணுவை மட்டும் பிடித்து உசுப்புகின்றன. அந்த ஏற்பிப் புரதம், செல்லுக்குள் புரதங்கள் தயாராகும் எண்டோபிளாச வலையில் உருவாகத் தொடங்கியதும் எழும் அழுத்தச் சமிக்ஞை 'போதும், வேறு எதையும் திறக்காதே' என்று தேர்வை உறுதிசெய்கிறது. தேர்ந்தது போலி மரபணுவாக இருந்தால் புரதம் வராது, சமிக்ஞையும் வராது. செல் மறுபடி வேறொன்றைத் தேடும்.

ஒரே ஏற்பியைத் தேர்ந்த ஆயிரக்கணக்கான செல்கள் படலத்தில் சிதறிக் கிடந்தாலும், அவற்றின் நார்கள் நுகர்ச்சிக் குமிழில் குளோமருலஸ் எனப்படும் குறிப்பிட்ட சில முடிச்சுகளில் வந்து கூடுகின்றன. எலியின் ஒரு குமிழில் சுமார் 2,000 முடிச்சுகள். ஓர் ஏற்பிக்குப் பெரும்பாலும் இரண்டு. ஒரு செல்லின் ஏற்பி மரபணுவை மட்டும் மாற்றிவிட்டால் நார் போய்ச் சேரும் இடமும் மாறுகிறது. முகர்வதோடு நார் போகும் வழியைத் தீர்மானிப்பதிலும் ஏற்பிக்குக் கை உண்டு.

அதிர்வுக் கோட்பாட்டுக்கு வருவோம். 1996-ல் லூகா டூரின் என்ற உயிர் இயற்பியலாளர் இதற்குப் புத்துயிர் கொடுத்தார்: ஏற்பி மூலக்கூறின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, எலக்ட்ரான் தாவல் மூலம் அதன் அதிர்வெண்ணைப் படிக்கிறது என்று. கேட்க நன்றாக இருக்கிறது, சான்றுகள் எதிராக இருக்கின்றன. ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் வைத்தால் வடிவம் மாறாது, அதிர்வு மாறும். அப்படி மாற்றிய அசிட்டோஃபீனோனைச் சாதாரணமானதிலிருந்து மனிதர்களால் பிரித்தறிய முடியவில்லை (2004). கஸ்தூரி மணம் தரும் மஸ்கோனுக்கான மனித ஏற்பியைத் தனியாகச் செல்லில் வைத்துச் சோதித்தபோதும் டியூட்டீரியம் வித்தியாசம் காட்டவில்லை (2015). இன்னும் எளிய சான்று கார்வோன். அதன் இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்களுக்கும் அதிர்வு நிறமாலை ஒன்றே. ஒன்று ஸ்பியர்மின்ட் புதினா மணம், மற்றது சதகுப்பை மணம். என் கணிப்பில் இந்தக் கோட்பாட்டுக்கு இனி நேரம் செலவிட வேண்டியதில்லை.

மற்ற முதுகெலும்பிகளில் அடிப்படை இயந்திரம் இதேதான். எண்ணிக்கையும் துணைக் குடும்பங்களும் மாறுகின்றன. ஆப்பிரிக்க யானைக்குச் சுமார் 2,000 ஏற்பி மரபணுக்கள், எலிக்கு 1,100, நாய்க்கு ஏறக்குறைய 800. யானையை முதலிடத்தில் பார்த்துப் பலருக்கு ஆச்சரியம். எண்ணிக்கையை வைத்துக் கூர்மையை அளக்கக் கூடாது: நாயின் மூக்கில் படலப் பரப்பு மிகப் பெரிது, முகரும் காற்றைத் தனியாகப் பிரித்துப் பின்னறைக்கு அனுப்பும் எலும்பு மடிப்புகளும் உண்டு. டால்பின் போன்ற பல்லுள்ள திமிங்கலங்களில் நுகர்ச்சிக் குமிழே இல்லை. ஏற்பி மரபணுக்களும் ஏறக்குறைய எல்லாம் பழுது.

மீனுக்கு 'ஆவியாவது' முக்கியமல்ல, நீரில் கரைவதுதான் முக்கியம். அமினோ அமிலம், பித்த உப்பு, இனப்பெருக்க ஹார்மோன்கள் இவைதான் அதன் வாசனைகள். வரிக்குதிரை மீனுக்கு வழக்கமான ஏற்பிகள் 150 அளவே. ஆனால் டார் எனப்படும் அமீன் ஏற்பிகள் நூறுக்கும் மேல். அதில் டார்13சி, அழுகும் பிணத்தில் உருவாகும் கடாவரினை அறிந்து மீனை விலகச் செய்கிறது. மனிதரிடம் டார் வகை ஆறுதான். அதில் டார்5, கருவாட்டு வாடையில் முக்கியமான டிரைமெத்தில் அமீனுக்கு உரியது. ஆப்பிரிக்க நகத் தவளை இரண்டு உலகத்திலும் கால் வைக்கிறது: நாசியின் ஓர் அறை நீருக்கு, அங்கே மீன் பாணி முதல் வகுப்பு ஏற்பிகள், இன்னோர் அறை காற்றுக்கு, அங்கே இரண்டாம் வகுப்பு.

எலி, பாம்பு போன்றவற்றுக்கு வோமரோநாசல் உறுப்பு என்ற துணை மூக்கும் உண்டு. அங்கே வி1ஆர், வி2ஆர் குடும்பங்கள் வேலை செய்கின்றன; சைக்ளிக் ஏஎம்பி பாதை கிடையாது, டிஆர்பிசி2 என்ற வேறு கால்வாய். ஆவியாகாத புரதங்களையும் அது உணரும். ஆண் எலியின் கண்ணீரில் உள்ள ஈஎஸ்பி1 என்ற சிறு புரதம் ஒரேயொரு வி2ஆர் ஏற்பி வழியாகப் பெண் எலியை இணைசேர இசைய வைக்கிறது. பூட்டு–சாவி உவமை இங்கே பொருந்தும்! மனிதரில் டிஆர்பிசி2 மரபணு செத்துப்போனது. 'மனித ஃபெரமோன்' என்று விற்கும் புட்டிகளை வாங்கும் முன் இதை நினைவில் வைத்தால் காசு மிஞ்சும்.

மனித ஏற்பிகளில் கணிசமானவற்றுக்கு ஜோடி மூலக்கூறு இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. காரணம் சோதனையே அடம்பிடிக்கும். ஏற்பி மரபணுவை, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் எச்இகே293 என்ற மனிதச் செல்லில் போட்டால் புரதம் எண்டோபிளாச வலையிலேயே சிக்கிக்கொள்ளும், சவ்வுக்கு வராது. 2004-ல் ஆர்டிபி1, ஆர்டிபி2 என்ற துணைப் புரதங்களைக் கண்ட பிறகுதான் வழி பிறந்தது. இப்போதைய வழக்கம்: ஏற்பியின் தொடக்கத்தில் ரோடாப்சினின் முதல் 20 அமினோ அமிலங்களை ஒட்டி, ஆர்டிபி1-இன் குறுவடிவத்தோடும் சைக்ளிக் ஏஎம்பி கூடினால் ஒளிரும் லூசிஃபெரேஸ் கட்டமைப்போடும் சேர்த்து 96 குழித் தட்டில் செல்களுக்குள் செலுத்துவது; மறுநாள் வாசனைப் பொருளைச் சேர்த்து, சுமார் நான்கு மணி நேரம் கழித்து ஒளியை அளப்பது.

இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் இவற்றில்தான். ஆவியாகும் பொருள் பக்கத்துக் குழிக்குத் தாவி அங்கேயும் பதிலைக் கிளப்பும். பலமான பொருட்களைத் தட்டின் ஓரத்தில், இடைவெளி விட்டு வையுங்கள், அல்லது தனித் தட்டில் போடுங்கள். பழைய ஆல்டிஹைடுக் குப்பியில் பாதி அமிலமாகியிருக்கும். பதில் தந்தது எது என்றே தெரியாது. 98 சதவீதத் தூய்மை என்ற லேபிளில் மீதி 2 சதவீதம்தான் சில சமயம் உண்மையான தூண்டி. மில்லிமோலார் அளவுக்குப் போனால் பல பொருட்கள் செல்லையே கொல்லும், ஒளி குறையும். அதை 'தடுப்பான்' என்று எழுதிவிடுவார்கள். எனவே ஏற்பி மரபணு இல்லாத வெற்று பிளாஸ்மிட் (மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோகும் டிஎன்ஏ வளையம்) போட்ட குழி ஒன்றும், ஏற்பி இல்லாமலே சைக்ளிக் ஏஎம்பி-யைக் கூட்டும் ஃபோர்ஸ்கோலின் போட்ட குழி ஒன்றும் ஒவ்வொரு தட்டிலும் இருந்தே ஆக வேண்டும். கந்தகச் சேர்மம் என்றால் செம்பு சேர்த்தும் சேர்க்காமலும் பாருங்கள். பதில் இல்லை என்பதற்கு 'ஜோடி இல்லை' என்று பொருள் அல்ல. ஏற்பி சவ்வுக்கு வந்ததா என்பதை முதலில் சோதிக்க வேண்டும்.

மனிதருக்கு மனிதர் மூக்கு வேறுபடுவதும் இந்த மரபணுக்களால்தான். ஓஆர்7டி4-இல் இரண்டு அமினோ அமிலம் மாறினால் ஆண்ட்ரோஸ்டினோன் ஒருவருக்குச் சிறுநீர் நாற்றம், இன்னொருவருக்கு வாசனையே இல்லை. ஓஆர்5ஏ1-இல் ஒரே மாற்றம் பீட்டா அயோனோனின் வயலெட் மணத்தை ஏறக்குறைய அழித்துவிடும். கொத்தமல்லித் தழை சோப்பு மாதிரி இருக்கிறது என்பவர்களுக்கு ஓஆர்6ஏ2 காரணம் என்று எங்கும் எழுதுகிறார்கள். மரபணு ஆய்வு காட்டியது அந்த மரபணு இருக்கும் பகுதியை மட்டுமே. அங்கே வேறு ஏற்பி மரபணுக்களும் கூட்டமாக இருக்கின்றன, விளைவின் அளவும் சிறிதுதான்.

கோவிட்டில் வாசனை போனது எப்படி என்று பலரும் கேட்கிறார்கள். வைரஸ் நுழையத் தேவையான ஏஸ்2 புரதம் நுகர்ச்சி நரம்புச் செல்லில் இல்லை. அதைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களில் இருக்கிறது. துணைச் செல்கள் விழுந்ததும் நரம்புச் செல்களின் குறுஇழைகள் உதிர்கின்றன; அவற்றின் கருவுக்குள் ஏற்பி மரபணுக்களின் ஒழுங்கும் கலைந்து, ஏற்பியும் அடினைலில் சைக்ளேஸ் 3-ம் உற்பத்தி குறைகிறது. அடித்தளக் குருத்துச் செல்கள் பிழைத்திருந்தால் வாரங்களில், மாதங்களில் புதிய நரம்புச் செல்கள் வரும். பாதி ஏற்பிகள் மட்டும் திரும்பிய கட்டத்தில் சேர்க்கை குலைந்திருக்கும்; காபி சாக்கடை மாதிரி நாறும். காபியில் உள்ள ஃபர்ஃபுரில் தயோல் போன்ற, மிகக் குறைந்த அளவிலேயே தெரியும் கந்தகச் சேர்மங்கள்தான் அதில் பெரும்பாலும் குற்றவாளி.

நுகர்ச்சிப் பயிற்சி என்று மருத்துவர்கள் சொல்வது 2009-ல் தாமஸ் ஹம்மெல் குழு சோதித்த முறை: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு என நான்கு வாசனைகள், காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் பத்து நொடி, குறைந்தது 12 வாரம். வைரஸுக்குப் பின் வந்த இழப்பில் ஓரளவு பலன் தெரிகிறது. தலையில் அடிபட்டு நார்கள் சல்லடை எலும்பில் அறுந்திருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும். துத்தநாகம் கலந்த மூக்கு மருந்துகளை மட்டும் தொடவே தொடாதீர்கள்; ஆய்வுக்கூடத்தில் எலியின் நுகர்ச்சிப் படலத்தை வேண்டுமென்றே அழிக்கப் பயன்படுத்துவதே துத்தநாக சல்ஃபேட்டைத்தான், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2009-ல் இப்படிப்பட்ட சளி மருந்துகள் குறித்து எச்சரித்தது.